அக்கரைப் பாட்டு

கே: டிரினிடாட்டில் பேசுவது ஆங்கிலம். கிறிஸ்துமஸ் வந்தால் மட்டும் ஸ்பானிஷில் பாடுகிறார்களாமே, ஏன்?

ப: பக்கத்து வீடு வெனிசுவேலா ஆயிற்றே! நடுவில் கடல், மிக நெருங்கிய இடத்தில் சுமார் 11 கி.மீ.தான். 1797 வரை டிரினிடாட் ஸ்பெயின் வசம். பிரிட்டிஷ்காரர் பிடித்த பிறகும் கொக்கோத் தோட்டங்களுக்கு வெனிசுவேலாவிலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். கூடவே நான்கு தந்திக் குவாத்ரோ வாத்தியமும் வந்தது. டிசம்பரில் 'பராங்' கோஷ்டி வீடு வீடாகப் பாடி வரும். வீட்டுக்காரர் வெறுங்கையோடு அனுப்பிவிட முடியுமா? பாஸ்டெல் தயாராக இருக்கும்: மக்காச்சோள மாவுக்குள் இறைச்சி, ஆலிவ், உலர்திராட்சை வைத்து, வாழையிலையில் மடித்து வேகவைத்தது. இதன் உடன்பிறப்புதான் அக்கரையின் அயாக்கா.

கொடுக்கல் வாங்கல் ஒருவழி இல்லை. 1813-இல் சாந்தியாகோ மரின்யோ வெனிசுவேலாவின் விடுதலைக்காகச் சிறு படையோடு புறப்பட்டது டிரினிடாட்டை ஒட்டிய சாக்கச்சாக்காரே தீவிலிருந்து! எல்லை, எரிவாயு, அகதிகள் என்று இரு அரசுகளும் எத்தனையோ முறை உரசிக்கொண்டிருக்கின்றன. பாட்டிடம் மட்டும் இன்னும் யாரும் விசா கேட்கவில்லை. கேட்கவும் கூடாது.