உண்மையைச் சொல்லு, விட்டுடறேன்!

(இம்முறை வந்தவை எல்லாம் கதை எழுதுகிறவர்களின் கேள்விகள். அதிலும் சித்திரவதையை வைத்து எழுதுகிறவர்கள் இத்தனை பேர் என்று எனக்கு இதுவரை தெரியாது. கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது.)

சார், த்ரில்லர் நாவல் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். சென்ட்ரல் ஸ்டேஷனில் வெடிகுண்டு. ஒரு மணி நேரம்தான் பாக்கி. வைத்தவன் ஹீரோவிடம் மாட்டிக்கொள்கிறான். ஹீரோ அவன் விரல்களை ஒவ்வொன்றாக உடைத்து இடத்தைத் தெரிந்துகொள்கிறான். இந்த நிலைமையில் அது நியாயம்தான் என்று வாசகர்கள் ஒத்துக்கொள்வார்களா?
*- திருப்பூர் வாசகர்*

ஒத்துக்கொள்வது என்ன, கைதட்டவே செய்வார்கள். ஆனால் உங்கள் ஹீரோவுக்கு நீங்கள் கொடுத்திருக்கும் சலுகைகளைப் பாருங்கள். குண்டு இருப்பது நிச்சயம். மாட்டியவன்தான் வைத்தவன் என்பது நிச்சயம். அவனுக்கு இடம் தெரியும். மூன்றாவது விரலில் அவன் சொல்வது பொய் இல்லை. போய் எடுக்க நேரமும் இருக்கிறது. இவ்வளவும் ஹீரோவுக்கு எப்படித் தெரிந்தது? நீங்கள்தானே சொன்னீர்கள்! நிஜமான விசாரணை அறையில் அதிகாரியின் காதில் வந்து 'இவன்தான், இப்போது சொல்வதுதான் உண்மை, நிறுத்திக்கொள்' என்று ஓத ஒரு நாவலாசிரியர் கிடையாது. கதைகளில் சித்திரவதை தவறாமல் பலிப்பதன் ரகசியம் இவ்வளவுதான். விடைத்தாள் எழுதுகிறவர் கையில் இருக்கிறது.

இந்த டிக்-டிக் வெடிகுண்டை ஊருக்கெல்லாம் பரப்பியதிலும் ஒரு நாவலுக்குப் பெரிய பங்குண்டு. அல்ஜீரியப் போரில் இருந்த பிரெஞ்சு வீரர்களை வைத்து ழான் லார்த்தெகி 1960-ல் எழுதிய 'சென்ச்சூரியன்கள்' அது. பிறகு 2001-ல் அமெரிக்க டிவியில் '24' என்ற தொடர் வந்தது. அதன் ஹீரோ ஜாக் பவர் தொட்டதற்கெல்லாம் கையை ஓங்குவார். எதிராளி உடனே உண்மையைக் கக்குவான். 2006-ல் வெஸ்ட் பாயின்ட் ராணுவ அகாடமியின் டீனாக இருந்த பிரிகேடியர் ஜெனரல் பேட்ரிக் ஃபினெகன், சீருடையோடு அந்தத் தொடர்க்காரர்களைப் பார்க்கப் போனார். என் மாணவர்கள் உங்கள் ஹீரோவைப் பார்த்துவிட்டுச் சட்டம் எதற்கு என்று கேட்கிறார்கள், சித்திரவதை செய்து காரியம் கெட்டுப்போகிற மாதிரி ஒரு கதையாவது எடுங்களேன் என்பது அவர் கோரிக்கை. ராணுவத் தளபதி கதாசிரியரிடம் வந்து வன்முறையைக் குறைக்கச் சொல்கிற காட்சி எந்த நாவலிலும் கிடைக்காது.

உங்களுக்கு என் யோசனை: சலுகைகளில் ஒன்றே ஒன்றைப் பிடுங்கிவிடுங்கள். மாட்டியவன் முதல் விரலுக்கு எட்டாம் பிளாட்பாரம் என்கிறான். இரண்டாவதற்கு பார்சல் ஆபீஸ். மூன்றாவதற்கு சென்ட்ரலே இல்லை, எழும்பூர். இப்போது ஹீரோ எந்தப் பக்கம் ஓடுவான்? நாவல் இங்கேதான் ஆரம்பம்.

'அடியாத மாடு படியாது' என்று நம் பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?
*- மதுரை வாசகர்*

படியும் என்றுதான் சொன்னார்கள். அது வாக்குமூலம் கொடுக்கும் என்று சொல்லவில்லை.

நிஜத்தில் அப்படி ஒரு வெடிகுண்டு நெருக்கடி யாருக்காவது வந்திருக்கிறதா? இருந்தால் அதை வைத்தே எழுதலாமே.
*- புதுச்சேரி வாசகி*

வந்திருக்கிறது. ஊரும் உங்கள் ஊருக்குப் பழக்கப்பட்ட பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர்தான்: அல்ஜியர்ஸ், நவம்பர் 1956. ஃபெர்னான் இவ்தோன் என்ற கம்யூனிஸ்ட் தொழிலாளி, தான் வேலை பார்த்த எரிவாயு ஆலையில் குண்டு வைத்துப் பிடிபட்டார். அது வெடிக்கும் முன்பே கிடைத்துவிட்டது. ஆனால் இரண்டாவதாக ஒரு குண்டு எங்கோ இருப்பதாகத் தகவல். எரிவாயுத் தொட்டிகளில் வெடித்தால் ஆயிரக்கணக்கில் சாவு. நேரம் ஓடுகிறது. உங்களுக்கு இதைவிடச் சுத்தமான டிக்-டிக் கிடைக்காது.

காவல்துறைக்குப் பொறுப்பான பொதுச் செயலாளராக இருந்தவர் பால் தெய்த்ஜென். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியர் பிடியில் தாமே வதைபட்டு, டாக்காவ் முகாம்வரை போய் மீண்டவர். இவ்தோனைத் 'தட்டிக் கேட்க' அனுமதி கேட்டார்கள். முடியாது என்றார். அன்று பிற்பகல் முழுவதும் நடுங்கிக்கொண்டிருந்ததாகப் பின்னாளில் சொன்னார். குண்டு வெடிக்கவில்லை.

இதோடு நிறுத்தினால் நல்ல நீதிக்கதை. பாடப்புத்தகத்தில்கூடச் சேர்க்கலாம். நிறுத்தாதீர்கள். தெய்த்ஜென் தடுத்தும் போலீசார் இவ்தோனை வதைக்கத்தான் செய்தார்கள். யாரையும் கொல்லாத அந்த மனிதரை 1957 பிப்ரவரியில் கில்லட்டினில் வைத்துத் தலையை வெட்டினார்கள். தெய்த்ஜென் அதே ஆண்டு பதவியை உதறினார். கையொப்பமிட மறுத்துவிட்டு மேஜை முன்னால் நடுங்குகிற அதிகாரி ஒருவர். நாலு அறை தள்ளி அவர் உத்தரவை யாரும் பொருட்படுத்தவே இல்லை. அவருக்கு அது எப்போது தெரியவருகிறது? நான் எழுதினால் அதிலிருந்துதான் தொடங்குவேன். பிரான்ஸில் ஜோசஃப் அந்த்ராஸ் என்பவர் இவ்தோன் பக்கமிருந்து 2016-ல் ஒரு நாவல் எழுதிவிட்டார். அதிகாரியின் நாற்காலி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன், போய் உட்காருங்கள்.

சித்திரவதை பலிப்பதே இல்லை என்று ஒரேயடியாகச் சொல்லிவிடுகிறீர்கள். ஒரு தடவைகூடவா பலித்ததில்லை?
*- சேலம் வாசகர்*

நான் அப்படிச் சொல்லவில்லை. சொன்னால் என் கட்சிக்கு வசதியாக இருக்கும். 2002-ல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில் பதினோரு வயதுப் பையனைக் கடத்திய சட்டக்கல்லூரி மாணவன் ஒருவன், பணத்தை வாங்கிக்கொண்டபின் மாட்டினான். பையன் எங்கே என்று சொல்லாமல் போலீசை அலைக்கழித்தான். காவல்துறைத் துணைத் தலைவர், தாங்க முடியாத வலி காத்திருக்கிறது என்று அவனை மிரட்டச் சொன்னார். அடிக்கக்கூட இல்லை, மிரட்டல்தான். பத்தே நிமிடத்தில் இடத்தைச் சொல்லிவிட்டான். பலித்தது. அங்கே போனால் பிணம். கடத்திய அன்றே கொன்றிருந்தான்.

மிரட்டச் சொன்ன அதிகாரி 2004-ல் குற்றவாளி என்று தீர்ப்பு. தண்டனையோ, அபராதத்தை நிறுத்திவைத்து ஓர் எச்சரிக்கை. தப்பு என்றும் சொல்ல வேண்டும், அவரைச் சிறைக்கு அனுப்பவும் மனம் வரவில்லை. அந்த நீதிபதிகள் மிகவும் சிரமப்பட்டிருக்கிறார்கள். 2010-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் மிரட்டியது தவறுதான் என்றது. கொலைகாரனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

இந்த வழக்கைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 'பலிக்காது, அதனால் தப்பு' என்று எழுதுகிற கதாசிரியர் கஷ்டமான கேள்வியிலிருந்து பின்வாசல் வழியே ஓடிவிடுகிறார். பலித்தால்? அப்போது உங்கள் பாத்திரம் என்ன சொல்லும்? அதற்குப் பதில் இல்லாமல் பேனாவை எடுக்க வேண்டாம்.

ஓய்வுபெற்ற காவலர் நான். எங்கள் காலத்தில் ரெண்டு தட்டு தட்டினால் திருட்டு நகை கைக்கு வந்துவிடும். ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு பலிக்காது என்பது சுலபம்.
*- பெயர் வேண்டாம் என்கிறார்*

ஐயா, என் அறையில் ஏசி இல்லை. மற்றபடி நீங்கள் சொல்வதில் பாதிக்கு மேல் சரி. நகை எங்கே, பீரோச் சாவி எங்கே என்பது போன்ற கேள்விக்கு அடி பலிக்கலாம். போய்ப் பார்த்தால் இருக்கிறதா இல்லையா என்று உடனே தெரிந்துவிடும். 'உன் கூட்டாளிகள் யார்', 'நீதானே செய்தாய்' என்ற கேள்விகளுக்கு அப்படிப் போய்ப் பார்க்க இடமில்லை. அங்கே அடி நிற்பதற்கு என்ன சொல்ல வேண்டுமோ அது வரும். தவிர, நகையே எடுக்காதவன் எதைக் காட்டி அடியை நிறுத்துவான்?

உங்களுக்கு முந்தைய தலைமுறைகளும் இதே கணக்கில்தான் இருந்தன. சென்னை ராஜதானியில் நிலவரி வசூலிக்கக் குடியானவர்களுக்குக் கிட்டி போட்டார்கள். விரல்களைக் கட்டைகளுக்கு நடுவே வைத்து நெரிப்பது. குனியவைத்துக் கழுத்தையும் காலையும் கயிற்றால் பிணைத்து வெயிலில் நிறுத்துவதும் உண்டு. கூச்சல் லண்டன்வரை போய், 1854-ல் கமிஷன் போட்டார்கள். எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்ற மூவரும் 1855-ல் கொடுத்த அறிக்கை, இது ஊரறிந்த வழக்கம் என்று ஒப்புக்கொண்டது. போலீசாரிடம் சொல்லும் ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்று 1861-ல் சட்டம் வந்தது. 1872 சாட்சியச் சட்டத்தில் அது 25-ஆம் பிரிவு. இப்போதைய புதுச் சட்டத்திலும் இருக்கிறது. வெள்ளைக்காரனுக்கே தன் போலீசின் மேல் நம்பிக்கை இல்லை. 1872 சட்டத்தை எழுதிய ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபனிடம் இங்கிருந்த ஓர் அதிகாரி காரணம் சொன்னாராம்: வெயிலில் அலைந்து சாட்சி தேடுவதைவிட, நிழலில் உட்கார்ந்து ஒருவன் கண்ணில் மிளகாய்ப்பொடி தேய்ப்பது சுகம்.

எனக்கு இதுதான் ரொம்பப் பிடித்த விளக்கம். கொடூரம் இல்லை, சோம்பேறித்தனம். நீங்கள் அலைந்த ரகமா, நிழல் ரகமா என்று நான் கேட்கவில்லை.

அப்படியானால் என் கதையின் வில்லன் இன்ஸ்பெக்டர் எப்படி இருக்க வேண்டும்? இப்போதைக்குப் பெரிய மீசையும் சிவந்த கண்ணும் கொடுத்திருக்கிறேன்.
*- தஞ்சாவூர் வாசகர்*

மீசையை எடுத்துவிட்டு மேலிடத்து போன் ஒன்று கொடுங்கள். 'நாளைக்குள் கேஸை முடி' என்கிற போன். மு.சந்திரகுமாரின் 'லாக்கப்' படித்திருக்கிறீர்களா? 1983-ல் குண்டூரில் பிடிபட்டுத் தானே பட்டதை எழுதியவர். பிறகு கோவையில் ஆட்டோ ஓட்டினார். வெற்றிமாறனின் 'விசாரணை' அதிலிருந்து வந்த படம். அங்கே அடிக்கிறவர்களுக்கு உண்மை தேவைப்படவே இல்லை, ஒத்துக்கொள்ள நாலு பேர் தேவைப்படுகிறார்கள். உண்மை வருமா வராதா என்ற நம் பட்டிமன்றமே அந்த ஸ்டேஷனில் எடுபடாது.

அடிக்காமல் பேசவைக்கிற ஹீரோ சாத்தியமா? போரடிக்காதா?
*- நாகர்கோவில் வாசகி*

ஹான்ஸ் ஷார்ஃப் என்று ஒருவர். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் விமானப்படையின் விசாரணையாளர். பிடிபட்ட அமெரிக்க விமானிகளைக் காட்டுப் பாதையில் உலாத்த அழைத்துப் போவார். எல்லாம் எனக்கே தெரியும் என்கிற தோரணையில் கதை பேசுவார், நடுவில் ஒன்றைத் தப்பாகச் சொல்வார். உங்கள் விமானங்களிலிருந்து வெள்ளைப் புகைக்கோடு போடும் குண்டுகள் வருகின்றனவே, சிவப்புக்கு ரசாயனம் தட்டுப்பாடாமே என்பார். தட்டுப்பாடா, எங்களுக்கா என்று விமானி சிலிர்த்துக்கொண்டு, அது தோட்டா தீரப்போகிறது என்பதற்கான அடையாளம் என்று திருத்துவார். தான் ரகசியம் ஒன்றைக் கொடுத்துவிட்டதே அவருக்குத் தெரியாது. மாப்பிள்ளை வீட்டுச் சம்பளத்தைத் தப்பாகச் சொல்லிச் சரியாகக் கேட்டு வாங்குகிற நம் சித்திகளுக்கு இது புது வித்தை இல்லை.

போருக்குப் பின் அமெரிக்காவிலேயே குடியேறி மொசைக் கலைஞர் ஆனார். ஃபுளோரிடா டிஸ்னி வேர்ல்டில் சிண்ட்ரெல்லா கோட்டைக்குள் இருக்கும் மொசைக் சித்திரங்கள் அவர் கைவண்ணம். போரடிக்குமா?

வதைக் காட்சியை எவ்வளவு விவரமாக எழுதலாம்?
*- கொழும்பு வாசகர்*

கதவுக்கு வெளியே நில்லுங்கள். புச்சினியின் 'டோஸ்கா' இசைநாடகத்தில் காதலனை அடுத்த அறையில் வதைப்பார்கள். மேடையில் நாம் பார்ப்பது அலறலைக் கேட்கிற டோஸ்காவின் முகத்தை. ஒளிந்திருப்பவன் இருக்குமிடத்தை உடைந்துபோய்ச் சொல்வது அவள்தான், அடிபட்டவன் அல்ல. 1900-லேயே புச்சினிக்குத் தெரிந்திருக்கிறது.

இதை வைத்து நகைச்சுவைக் கதை எழுத முடியுமா?
*- காரைக்குடி வாசகர்*

எழுத முடியும், சிரிப்புக்கு நான் பொறுப்பில்லை. 2001 கடைசியில் பிடிபட்ட இப்னு அல்-ஷேக் அல்-லிபி என்பவரை அமெரிக்கர்கள் எகிப்துக்கு அனுப்பினார்கள். அங்கே நடந்த 'கவனிப்பில்', அல்-காய்தாவுக்கு இராக் ரசாயன ஆயுதப் பயிற்சி கொடுத்தது என்றார். கேட்டவர்கள் கேட்க விரும்பியது அதுதான். 2003 பிப்ரவரியில் காலின் பவல் ஐ.நா. சபையில் அதைப் பெயர் சொல்லாமல் ஆதாரமாக வைத்தார். மறுமாதம் போர். 2004-ல் அல்-லிபி, அடி தாங்காமல் சொன்னது என்று மறுத்துவிட்டார். போரை மறுக்க வழியில்லை.

விஞ்ஞானக் கதை: வலியே இல்லாத, நூறு சதவீதம் உண்மை பேசவைக்கும் மருந்து. யாருக்கும் துன்பமில்லை. இதிலும் உங்கள் அறம் குறுக்கே வருமா?
*- பெங்களூர் வாசகி*

இன்று வந்ததில் முதல் மார்க் இந்தக் கேள்விக்கு. வலியையும் பொய்யையும் நீக்கிவிட்டீர்கள், மிச்சம் என்ன என்று பார்க்கலாம். உங்கள் மாநிலமே கட்சிக்காரராக இருந்த வழக்கு இருக்கிறது: செல்வி எதிர் கர்நாடக மாநிலம், 2010. நார்கோ, பொய் கண்டறியும் கருவி, மூளை வரைபடம் எதையும் ஒருவர் சம்மதமில்லாமல் செய்யக்கூடாது என்றது உச்ச நீதிமன்றம். முடிவுகள் நம்பத் தகுந்தவை இல்லை என்பதோடு அது நிற்கவில்லை. பேசுவதா, பேசாமல் இருப்பதா என்பதை அவரவர் தீர்மானிக்க வேண்டும் என்று சொன்னது. உங்கள் மருந்து அந்தத் தீர்மானத்தைத்தான் கரைக்கிறது. கதையில் அதை முதலில் குற்றவாளிக்குக் கொடுங்கள், எல்லோரும் கைதட்டட்டும். இரண்டாவது ஊசி கண்டுபிடித்த விஞ்ஞானிக்கு, அவர் மனைவி முன்னிலையில்.

விசாரணைக் கைதிகள் மட்டும் ஏன் பாத்ரூமில் வழுக்கி விழுந்து மாவுக்கட்டோடு வருகிறார்கள்?
*- கோவில்பட்டி வாசகர்*

வலது கை, இடது கால் என்று ஆள் பார்த்து வழுக்கிவிடத் தெரிந்த தரை அது. அதிகாரிகள் போனால் வழுக்காது. அந்தத் தரையே தன் கதையைச் சொல்வதாக ஒரு சிறுகதை எழுதுங்கள். சன்மானம் வந்தால் எனக்குப் பாதி அனுப்பவும்.