அடிக்கு ஒரு பரிசு

கேள்வி: அதிகம் நடக்கும் ஊழியருக்குப் பரிசு என்று நிறுவனங்கள் அறிவிக்கின்றனவே, இதனால் உடம்பு தேறுமா? (வாசகர், ஆவடி)

பதில்: நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருப்பவருக்கு நல்லதுதான். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் முன்னால் ஷிப்ட் முழுக்க நிற்பவருக்கோ முதல் பரிசு ஒரு நாற்காலி!

நின்று வேலை செய்வோர் இடையிடையே உட்கார வசதி வேண்டும் என்று 1948-லேயே தொழிற்சாலைகள் சட்டம் சொன்னது. கடை ஊழியர்களுக்கு அந்த உரிமை தமிழ்நாட்டில் 2021-இல்தான் கிடைத்தது.

அடுத்தது பரிசோதனை. ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும் என்ற பயத்திலேயே பலர் சர்க்கரையைக் கவனிப்பதில்லை. அதனால்தான் 2024-இல் தமிழக அரசு 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தொடங்கியது. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் வேலையிடத்திலேயே பார்க்கப்படுகின்றன.

இ.எஸ்.ஐ.யில் பதிவான, தகுதியுள்ள தொழிலாளி நோயால் விடுப்பு எடுத்தால் ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். இதற்கு முதலாளி 3.25, தொழிலாளி 0.75 சதவீதம் கட்டுகிறார்கள். இந்தத் தகவலை நோட்டீஸ் போர்டில் ஒட்டி, பரிசோதனை நேரத்துக்கும் சம்பளம் தரும் நிறுவனத்துக்கே பரிசு கொடுக்கலாம்.