வீட்டைச் சாய்க்கச் சில எளிய வழிகள்

முதலில் மனை. கும்பகோணம், மன்னார்குடி பக்கம் நேற்றுவரை குறுவை விளைந்த வயலோ, தூர்த்த குளமோ விலைக்கு வந்தால் விடாதீர்கள். வல்லத்துச் செம்பூராங்கல் மேடு வேண்டாம்; தரை கெட்டி, வீடு நின்று தொலைக்கும். மேலே நாலு லோடு கிராவல் அடித்துவிட்டால் குளமும் பிளாட்தான்.

மண் பரிசோதனை கேட்கும் இன்ஜினியரை உடனே மாற்றுங்கள். காவிரி கொண்டுவந்து போட்ட மணல் தளர்வாக இருக்கிறதா, நீர்மட்டம் எவ்வளவு மேலே என்றெல்லாம் துருவுவார். மணல் துகள்கள் ஒன்றையொன்று தாங்குவதால்தான் தரை சுமை தாங்குகிறது. பூமி குலுங்கினால் அவை நெருங்கப் பார்க்கும். இடையிலுள்ள தண்ணீர் சட்டென்று வெளியேற முடியாமல் அழுத்தம் ஏறும். துகள்களின் பிடி விட்டுப்போகும். நடவுக்குச் சேறடித்த வயலில் கால் வைத்தவருக்கு மேற்கொண்டு விளக்க வேண்டாம். 1964-இல் ஜப்பானின் நீகாட்டாவில் அடுக்குமாடிக் கட்டடங்கள் பெரிதாக உடையாமலே மல்லாந்தது இப்படித்தான்.

மனை களிமண்ணாக அமைந்துவிட்டதா? கவலை வேண்டாம். மென்களிமண் அதிர்வைப் பெருக்கிக் கொடுக்கும். பழைய ஏரிப்படுகையில் எழுந்த மெக்சிகோ நகரம் 1985-இல் நொறுங்கியபோது, நிலநடுக்க மையம் 300 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தது.

கீழ்த்தளத்தைக் காருக்கு விட்டு, வெறும் தூண்கள்மேல் சுவர்களை ஏற்றுங்கள். 2001 ஜனவரி 26-இல் குஜராத்தின் பூஜ் அதிர்ந்தபோது, 200 கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்த அகமதாபாத்தில் இந்த வகைக் குடியிருப்புகள் விழுந்தன. தூணும் பீமும் சேருமிடத்தில் கம்பி வளையங்களை நெருக்கிக் கட்டி, முனையை 135 டிகிரிக்கு உள்ளே மடக்கச் சொல்வார்கள். கம்பி விலை என்னவென்று கேளுங்கள், வாயடைத்துவிடும்.

தஞ்சைப் பெரிய கோயில் 1010 முதல் நிற்கிறதே என்று அடிக்கடி சொல்லுங்கள். அதன் விமானம் அகன்ற அடியில் எழுந்து மேலே குறுகுகிறது, உங்கள் வீடு நேர்மாறு என்பதை மட்டும் விட்டுவிடுங்கள்.

தஞ்சாவூர் இரண்டாம் மண்டலம்தானே என்பது கடைசி அஸ்திரம். அது பொய்யில்லை, 2002-இன் நிலநடுக்க வரைபடத்தில் அதுதான் மிகக் குறைந்த ஆபத்து மண்டலம். ஆனால் அந்த வரைபடம் இடம்பெற்ற கட்டட விதிநூலே, மண்டலத்தோடு மனையின் மண் கெட்டியா, நடுத்தரமா, மென்மையா என்றும் கேட்கிறது. வரைபடம் அதைச் சொல்லாது.

இந்த வழிகள் பிடிக்காதவர்கள், கடைக்கால் தோண்டுவதற்கு முன் மண்ணைப் பரிசோதிக்க ஆளைக் கூப்பிடுங்கள். கிரகப்பிரவேச விருந்தைவிடச் செலவு குறைவாகத்தான் இருக்கும்.