சீழ்க்கை மிடற்றில் சேருமா, துளையில் சேருமா? பெங்களூர் சபாக்களுக்கு ஒரு விண்ணப்பம்

தமிழிசை நூல்கள் கருவிகளை ஐந்தாக வகுத்திருக்கின்றன: தோல், துளை, நரம்பு, கஞ்சம், மிடறு. மத்தளம் முதல் வகையில் உட்கார்ந்துகொண்டது. குழல் இரண்டாவதில், யாழ் மூன்றாவதில், தாளம் நான்காவதில். பாடகரின் தொண்டைக்கு ஐந்தாவது வகை முழுதுமாக ஒதுக்கப்பட்டது. மண்பானையான கடத்துக்கும் பல்லிடுக்கில் வைத்து மீட்டும் முகர்சிங்குக்கும்கூடப் பிற்காலத்தார் தாராளமாக இடம் பார்த்துக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் செலவே வைக்காத, பிறவியிலேயே முகத்தில் பொருத்தப்பட்டு வரும் ஒரு கருவியை மட்டும் யாரும் எந்த வகையிலும் சேர்க்கவில்லை. உதட்டைக் குவித்து எழுப்பும் சீழ்க்கையைத்தான் சொல்கிறோம். இது மறதியால் நேர்ந்ததல்ல என்பது இக்கட்டுரையின் கருதுகோள். மிடற்றை விட்டால், செய்து கொடுக்க ஆசாரியும், விற்கக் கடையும், சுமக்கப் பெட்டியும், துடைக்கப் பட்டுத்துணியும் உள்ள இசைக்குத்தான் நூல்களில் இடம் கிடைத்திருக்கிறது. சீழ்க்கைக்கு இவற்றில் ஒன்றும் கிடையாது. ஆகவே புத்தகங்களுக்குள் அது நுழைந்தபோது பெரும்பாலும் வித்வானாக நுழையவில்லை, வேலையாளாகத்தான் நுழைந்திருக்கிறது.

முதல் சான்று சங்க இலக்கியத்திலேயே இருக்கிறது. இடைக்காடனார் பாடிய அகநானூற்று முல்லைப்பாட்டு ஒன்றில், மழை இரவில் கோலை ஊன்றி நிற்கும் இடையன் வாயை மடித்து வீளை, அதாவது சீழ்க்கை, எழுப்புகிறான். துள்ளும் குட்டியின் மேல் கண் வைத்திருந்த குறுநரி அதைக் கேட்டு வெருண்டு முட்புதருக்குள் ஓடுகிறது. இனிப் பெரும்பாணாற்றுப்படைக்கு வருவோம். அங்கும் இடையன்தான். ஆனால் அவன் தீக்கடைகோலால் மூங்கிலில் துளையிட்டுக் குழல் செய்துகொள்கிறான். அதில் அவன் ஊதுவது பாலைப்பண் என்று புலவர் குறித்துக்கொள்கிறார். குழல் அலுத்ததும் குமிழங்கொம்பை வளைத்து நார் கட்டி யாழாக்குகிறான். அதில் எழுவது குறிஞ்சிப்பண் என்று அதையும் குறித்துக்கொள்கிறார். இருவருமே ஆடுமாடு மேய்ப்பவர்கள், இருவருக்கும் மூச்சு ஒன்றுதான். மூங்கிலைத் தொட்டவனுக்குப் பண் கிடைத்தது, வாயை மட்டும் நம்பியவனுக்கு நரி கிடைத்தது. அந்த வீளை எந்தப் பண்ணில் இருந்தது என்று இரண்டாயிரம் ஆண்டுகளாக ஓர் உரையாசிரியரும் கேட்கவில்லை. நரியை விரட்டுவது இசைக்குரிய காரியமா என்று சிலர் கேட்கலாம். தீபாராதனை ஆகிறது என்று தெருக்கோடிக்குத் தெரிவிப்பது நாகசுரத்தின் வேலைகளில் ஒன்று. அதற்காக நாகசுரத்தை யாரும் அறிவிப்புக் கருவி என்று தள்ளிவைத்ததில்லை.

வகைப்பாட்டுச் சிக்கலை இங்கேயே தீர்த்துக்கொள்வது நல்லது. சீழ்க்கையடிக்கும்போது குரல்வளையின் நாண்கள் அதிர்வதில்லை. அவை விலகி நின்று காற்றுக்கு வழிவிடுகின்றன. குவிந்த உதட்டுத் துளையின் வழியே காற்று சுழித்து வெளியேற, வாயின் உட்குழி அதற்கு ஒத்ததிர்கிறது. நாக்கு முன்னும் பின்னும் நகர்ந்து அந்தக் குழியைச் சிறிதும் பெரிதுமாக்குவதால் சுரம் ஏறி இறங்குகிறது. ஏறக்குறைய 500 ஹெர்ட்ஸிலிருந்து 4000 ஹெர்ட்ஸ் வரை பயிற்சியுள்ள வாய் எட்டும். ஆகவே இது மிடற்றுக்கருவி அல்லவே அல்ல. துளையும் குழியும் காற்றும் இருப்பதால் துளைக்கருவிதான். ஒரே வேறுபாடு, கருவியும் வாசிப்பவரும் இங்கே ஒரே உருப்படி. தொல்காப்பியரின் பிறப்பியலை ஒருமுறை புரட்டினால் இன்னும் வியப்பாக இருக்கும். தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்று எட்டு இடங்களைச் சொல்லி, எந்த உயிருக்கு இதழ் குவிய வேண்டும் என்பதுவரை அவர் விளக்குகிறார். அவ்வளவு நெருங்கி வந்தவர், குவிந்த இதழை இன்னும் ஒரு நூலிழை குவித்தால் எழுத்து மறைந்து இசை பிறக்கும் என்று ஒரு நூற்பா சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லை. எழுத்ததிகாரத்தில் எழுத்தல்லாததற்கு இடமில்லை என்று நினைத்திருப்பார் போலும்.

சுருதி நிற்காது, கமகம் வராது என்பது சங்கீதக்காரர்கள் வழக்கமாகச் சொல்லும் ஆட்சேபம். உண்மை இதற்கு நேர்மாறானது. கமகம் பிடிக்காத கருவியை இந்த நாடு எப்படி நடத்தும் என்பதற்கு ஆர்மோனியம் சாட்சி. சுரத்துக்குச் சுரம் வழுக்கிச் செல்ல அதற்கு வழியில்லை என்ற காரணம் காட்டி 1940இல் அகில இந்திய வானொலி அதை வெளியேற்றியது. 1971 வரை தடை நீடித்தது. அதே அளவுகோலை உதட்டின்மேல் வைத்துப் பாருங்கள். நாக்குக்குக் கட்டையும் இல்லை, மெட்டும் இல்லை, விரல் வைக்கத் துளையும் இல்லை. காந்தாரத்தை அசைக்கவும் நிஷாதத்தை ஊஞ்சலாட்டவும் அதைத் தடுப்பார் யாருமில்லை. ஆந்திரத்தைச் சேர்ந்த கொமரவோலு சிவப்பிரசாத் வயலினையும் மிருதங்கத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கீர்த்தனைகளைச் சீழ்க்கையிலேயே கச்சேரி செய்து இதை மேடையில் நிறுவியிருக்கிறார். குழல் வாசிப்பவருக்கு இல்லாத இரண்டு வசதிகள் வேறு சீழ்க்கைக்காரருக்கு உண்டு. இரு கைகளும் சும்மா இருப்பதால் தாளத்தைத் தாமே போட்டுக்கொள்ளலாம். பழகியவர் மூச்சை வெளியே விடும்போது மட்டுமல்லாமல் உள்ளே இழுக்கும்போதும் சீழ்க்கையடிக்க முடியும் என்பதால், சங்கதி நடுவே மூச்சுக்கு நிற்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு குறையை மறைக்கக்கூடாது. சிரித்தால் உதடு விரிந்துவிடும், இசை அந்த நொடியே நின்றுவிடும். முன்வரிசையில் உட்கார்ந்து முகத்தைக் கோணும் ரசிகர்களை இப்போது பாடகர்கள் எப்படியோ பொறுத்துக்கொள்கிறார்கள். சீழ்க்கை வித்வானுக்கு அது முடியாது.

அடுத்தது பாம்பு. இரவில் சீழ்க்கையடித்தால் பாம்பு வரும் என்று தமிழகப் பாட்டிமார்கள் எல்லோரும் ஒரே குரலில் சொல்லிவந்திருக்கிறார்கள். சீழ்க்கையை வீட்டை விட்டு விரட்டியதில் இந்த வாக்குக்குப் பெரும் பங்கு உண்டு. இங்கிலாந்திலும் இக்கொள்கைக்கு ஓர் ஆதரவாளர் இருந்தார் என்பது பலருக்கு நினைவிருக்காது. ஆர்தர் கோனன் டாயில் 1892இல் வெளியிட்ட ஷெர்லாக் ஹோம்ஸ் கதை ஒன்றில், கல்கத்தாவில் மருத்துவம் பார்த்துத் திரும்பிய ஒரு டாக்டர் இந்தியப் பாம்பு ஒன்றை வளர்க்கிறார். நடுநிசிக்குமேல் அதைப் பக்கத்து அறைக்கு அனுப்பிவிட்டு, மெல்லிய சீழ்க்கையால் திரும்ப அழைக்கிறார், வந்ததும் பால் வைக்கிறார். துப்பறிவின் சிகரம் என்று உலகம் கொண்டாடிய மூளை, நம் ஊர்த் திண்ணைப் பேச்சை மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டுவிட்டது. ஆனால் பாம்புக்குப் புறச்செவி கிடையாது. நில அதிர்வையும், சில நூறு ஹெர்ட்ஸுக்கு உட்பட்ட தாழ்ந்த ஓசையையும்தான் அது உணரும். சீழ்க்கையின் பெரும்பகுதி அந்த எல்லைக்கு மேலேயே திரிகிறது. பால் பாம்பின் உணவும் அல்ல. எனவே சீழ்க்கைக் கச்சேரிக்கு வராத ஒரே ரசிகர் பாம்புதான் என்று துணிந்து சொல்லலாம். ஒருவேளை வந்தாலும் அதைச் சீழ்க்கைமேல் மட்டும் சாட்டுவது நியாயமில்லை. மகுடிக்காரரின் புன்னாகவராளிக்கும் இதே குற்றச்சாட்டு உண்டு. அந்த ராகத்தை யாரும் கச்சேரி மேடையிலிருந்து தள்ளிவைக்கவில்லை.

மரியாதை பற்றிய ஆட்சேபம் இதைவிடக் கனமானது, விளையாட்டாகக் கடந்துவிட முடியாதது. சீழ்க்கை இந்தியாவில் ஏறிய இன்னொரு பெரிய புத்தகம் சட்டப்புத்தகம். 1860ஆம் ஆண்டு தண்டனைச் சட்டத்தின் 509ஆம் பிரிவு, ஒரு பெண்ணின் மானத்தை அவமதிக்கும் நோக்கத்தோடு சொல்லும் சொல்லையும் காட்டும் சைகையையும் சொன்ன அதே மூச்சில் எழுப்பும் ஒலியையும் சேர்த்தது. இப்போது அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 79ஆம் பிரிவு, தண்டனை மூன்றாண்டு வரை. தெருமுனையில் நின்று அடிக்கப்பட்ட சீழ்க்கையின் பாவத்தைச் சங்கீதச் சீழ்க்கையும் சுமக்கிறது என்பது உண்மை. ஆயினும் சட்டம் எழுதியவர்கள் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். குற்றம் நோக்கத்தில் இருக்கிறது, ஒலியில் இல்லை. அதே பிரிவு சொல்லையும் சொல்கிறது. அதற்காக யாரும் பேசுவதை நிறுத்தவில்லை. பெண்கள் சீழ்க்கையடிக்கக்கூடாது என்று சொல்லிவைத்தவர்கள், லாஸ் ஏஞ்சல்ஸில் 1909இல் ஆக்னஸ் உட்வர்ட் என்ற பெண்மணி சீழ்க்கைக் கலைக்கென்றே பள்ளி தொடங்கியதைக் கேட்டால் திகைத்திருப்பார்கள். மாணவிகளே அங்கே மிகுதி. பறவை ஒலிகளைப் பிரித்துக் குறியீடு அமைத்து அந்த அம்மையார் பாடநூலும் எழுதினார். சீழ்க்கை வித்வானாகவே நுழைந்த நூல் என்று நாம் காட்டக்கூடியது ஏறக்குறைய அது ஒன்றுதான்.

சாகித்யம் இல்லையே என்பவர்களுக்கு வீணையே விடை. ஆனால் இன்னும் ஒரு படி மேலே போகலாம். சொல் இல்லாததே சில வேளை சீழ்க்கையின் சிறப்பு. டேவிட் லீன் 1957இல் வெளியிட்ட குவாய் நதிப் பாலம் படத்தில் போர்க்கைதிகள் கர்னல் போகி அணிநடையைச் சீழ்க்கையடித்துக்கொண்டு வருவார்கள். அந்த மெட்டுக்குப் படைவீரர்கள் கட்டியிருந்த வார்த்தைகள் திரையில் பாடத் தகாதவை. சீழ்க்கை வார்த்தையை விழுங்கி மானத்தை மட்டும் வெளியே விட்டது. படம் பிடிக்கப்பட்டது இலங்கையின் கித்துல்கலவில். படம் கதையாக்கிய நிஜ சயாம் ரயில் பாதையில் மலேயாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்டு ஆயிரக்கணக்கில் மாண்ட தமிழ்த் தொழிலாளர்களுக்கு அந்தப் படத்தில் ஒரு சீழ்க்கைகூட ஒதுக்கப்படவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மறுபக்கம், சொல் வேண்டும் என்றால் சீழ்க்கை அதையும் சுமக்கும். கானரித் தீவுகளில் ஒன்றான லா கோமேராவில் ஸ்பானிய மொழியையே சீழ்க்கையாக்கிப் பள்ளத்தாக்கைத் தாண்டிப் பேசுகிறார்கள். 2009இல் யுனெஸ்கோ அதை மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது.

இனி பெங்களூர். இந்த விண்ணப்பத்தைச் சென்னைக்கு அனுப்பாமல் இங்கே அனுப்புவதற்குக் காரணம் இருக்கிறது. ஓசை எட்டவில்லை என்ற ஒரே குறைக்காக ஒரு கருவியையே மாற்றிக் கட்டியவர் மைசூர் சௌடய்யா. ஒலிபெருக்கி பரவாத காலத்தில் கடைசி வரிசைக்கு வயலின் கேட்கவில்லை என்று நான்கு தந்தியோடு மூன்றைச் சேர்த்து ஏழாக்கினார். அவர் நினைவாக மல்லேஸ்வரம் பக்கத்தில் எழுந்த மண்டபத்தை வயலின் வடிவத்திலேயே கட்டி 1980இல் திறந்தது இந்த நகரம். கருவிக்கு இவ்வளவு விசுவாசம் காட்டும் ஊர், கடைசி வரிசைக்கு ஒலிபெருக்கி இல்லாமலே எட்டும் ஓர் ஓசையைப் புறக்கணிப்பது முறையல்ல. சீழ்க்கைக்கு மண்டபம் கட்டினால் அதை எந்த வடிவத்தில் கட்டுவது என்ற கேள்வியைக் கட்டிடக்கலைஞர்களிடம் விட்டுவிடுவோம். போதாததற்கு, தமிழ்த் திரையரங்குகள் அரை நூற்றாண்டாக யாருக்காக விசிலடித்துத் தொண்டை காய்ந்தனவோ அந்த ரஜினிகாந்த், இதே ஊரில் பஸ் கண்டக்டராக இருந்தவர். பஸ்ஸை நிறுத்தவும் கிளப்பவும் ஓசை கொடுத்தவருக்கு ஊர் பிறகு வட்டியோடு திருப்பிக் கொடுத்தது.

பெங்களூருக்கு இன்னொரு கடனும் உண்டு. இன்று அச்சில் சீழ்க்கையை மிகுதியாகக் குறிப்பிடும் தமிழ் நூல்கள் சமையல் நூல்கள்தான். துவரம்பருப்புக்கு மூன்று விசில், கொண்டைக்கடலைக்கு ஆறு விசில் என்று எழுதிவைக்கிறார்கள். அந்த விசிலை வீடுதோறும் கொண்டுசேர்த்ததில் பிரெஸ்டிஜ் குக்கருக்குப் பெரும் பங்கு. அதைச் செய்யும் டி.டி.கே. பிரெஸ்டிஜ் நிறுவனத்தின் தலைமையகம் பெங்களூர். உள்ளே அழுத்தம் ஏறி, நீர் நூறு டிகிரிக்குப் பதில் ஏறக்குறைய 120 டிகிரியில் கொதிக்கையில், ஆவி மேலிருக்கும் குண்டைத் தூக்கிக்கொண்டு சீறுகிறது. இயற்பியல்படி இதுவும் குறுகிய துளையும் வேகமான காற்றும்தான், நம் உதட்டுக்குச் சொந்தம். ஆனால் சுருதியைப் பற்றி எந்தச் சமையல் ஆசிரியரும் ஒரு சொல் எழுதுவதில்லை, எண்ணிக்கை மட்டும் சொல்கிறார்கள். அந்த எண்ணிக்கையும் நம்பத் தகாதது. அடுப்பின் தணலுக்கும் உள்ளே ஊற்றிய நீருக்கும் ஏற்ப இரண்டு விசிலுக்கு நடுவே உள்ள நேரம் நீளும், குறுகும். தாளமில்லாத, சுருதியில்லாத, பருப்பில் மட்டும் அக்கறையுள்ள ஒரு சீழ்க்கைக்குப் பக்கம் பக்கமாக இடம் கொடுத்த பதிப்புலகம், மோகனம் தெரிந்த வாய்க்கு ஓர் அடிக்குறிப்பும் தரவில்லை. நம் கருதுகோளுக்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது: குக்கருக்குக் கடை உண்டு, உத்தரவாத அட்டை உண்டு, கேஸ்கட் தேய்ந்தால் மாற்ற ஆள் உண்டு.

ஆகவே கோரிக்கை எளியது. சாமராஜ்பேட்டைக் கோட்டை உயர்நிலைப்பள்ளி மைதானத்தில் ஸ்ரீ ராமசேவா மண்டலி 1939 முதல் ராமநவமிக் கச்சேரிகள் நடத்திவருகிறது. அந்தப் பந்தலில், மாலை முதல் வேளையில், ஒரு சீழ்க்கைக் கச்சேரி வைக்கலாம். 1905இல் தொடங்கிய பெங்களூர் காயன சமாஜமும் யோசிக்கலாம். சாக்ஸபோனைத் தோடி பாட வைத்த கத்ரி கோபால்நாத்தைத் தந்த மாநிலத்துக்கு இது பெரிய துணிச்சல் அல்ல. தம்புராவும் வயலினும் போதும். ஒலிபெருக்கி வைத்தே தீர்வதென்றால், அதை இயக்குபவரிடம் மட்டும், மைக்கை உதட்டுக்கு நேரே வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் வைக்கச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் காற்றுதான் கேட்கும். பாராட்டும் முறையில்தான் ஒரு நடைமுறைச் சிக்கல் வரும். மெஜஸ்டிக் பக்கத்துத் திரையரங்குகளில் பழகிய ஒருவர் பின்வரிசையிலிருந்து உற்சாகமாக விசிலடித்தால், அது பாராட்டா, பக்கப்பாட்டா என்று யாருக்கும் தெரியாது. அதை வயலின்காரர்தான் தீர்மானிக்க வேண்டியிருக்கும். அவர் வில்லை எடுத்துப் பின்தொடர்ந்துவிட்டால், அந்தப் பின்வரிசைக்காரருக்கும் சபா சன்மானம் கொடுத்தாக வேண்டும்.