கணினியைத் தொடவிடாமல் கணினி கற்பிப்பது எப்படி?

முதலில் சாவி. ஹைடெக் லேபின் சாவி தலைமையாசிரியரின் மேசை டிராயரில் இருக்க வேண்டும், தலைமையாசிரியர் சி.இ.ஓ. அலுவலகக் கூட்டத்தில் இருக்க வேண்டும். பிள்ளைகளை உள்ளே விட்டே தீரவேண்டிய நாள் வந்தால், வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்லுங்கள். செருப்புகள் வரிசைக்கு வந்து, எவன் எவனைத் தள்ளினான் என்ற விசாரணையும் முடிவதற்குள் பாதி பீரியட் போய்விடும். மீதிப் பாதியைக் கல்வித் துறையின் எமிஸ் இணையதளம் பார்த்துக்கொள்ளும். அதில் ஏற்றவேண்டிய விவரம் ஏதாவது ஒன்று எந்நேரமும் பாக்கி இருக்கும். சார்களுக்குக் கை வராவிட்டால் பின்பெஞ்சுப் பையன் ஒருவனைக் கூப்பிடுங்கள். “டேய், பாஸ்வேர்டு மானிட்டர்லயே ஒட்டியிருக்கு பாரு” என்று சொன்னால் போதும். வலுவான கடவுச்சொல் பற்றிய பாடம் அடுத்த வாரம்தான்.

பாடத்தை வரலாற்றிலிருந்து தொடங்குவது உத்தமம். பாஸ்கல், பாபேஜ், அப்புறம் 1946-இல் உலகம் பார்த்த எனியாக். ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்கள், சுமார் 30 டன் எடை. யாரும் தொட்டுப் பார்க்கக் கேட்க மாட்டார்கள். சிபியு பெட்டியை ஸ்கேல் வைத்து வரைந்து பாகம் குறிக்கச் சொல்லுங்கள். மென்பொருளே வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்குப் பேஜ்மேக்கர் இருக்கிறது. 2019-இல் வந்த பன்னிரண்டாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் புத்தகத்தில் அதற்கு இடம் கொடுத்தார்கள். அதன் கடைசிப் பெரிய பதிப்பான 7.0 வெளிவந்தது 2001-இல். அந்தப் புத்தகத்தை முதலில் படித்த பிள்ளைகளுக்கும் ஏறக்குறைய அதே வயதுதான்.

மின்னஞ்சலைச் சிறுகுறிப்பு வரையும் அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நன்மைகள் ஐந்து, தீமைகள் மூன்று. ஒரு கடிதத்தோடு கோப்பை இணைத்து அனுப்பிப் பார்க்கவிட்டால் காரியம் கெட்டுவிடும். பிளஸ் டூ முடித்ததும் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து பிரவுசிங் சென்டர் அண்ணனுக்கு என்ன வேலை மிஞ்சும்? பொறியியல் கலந்தாய்வு 2018-லிருந்து ஆன்லைனில் நடக்கிறது. பிள்ளைக்கு மின்னஞ்சல் முகவரி உண்டாக்கித் தருபவர் அவர். கடவுச்சொல் வைப்பவரும் அவர். அதை எழுதிவைத்த நோட்டும் அவரிடம்தான். அவசரத்துக்குத் தன் கைபேசி எண்ணையே கொடுத்துவிடுவதால் ஓடிபியும் அவருக்கே வரும். கல்லூரிகளை எந்த வரிசையில் அடுக்குவது என்றுகூட அவரே சொல்லிவிடுவார். பன்னிரண்டு வருடம் படித்த பிள்ளை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும். அந்த அண்ணன் நல்லவராகவே இருப்பார், பெரும்பாலும். பள்ளிக்கூடத்துக்கு அந்த நம்பிக்கை போதாதா?

பணம் சம்பந்தப்பட்டதைத் தொடவே வேண்டாம். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் போடத் தேவையே இல்லை, கேட்டால் அது திருட்டு: இந்த ஒற்றை வரியைப் பிள்ளை வீட்டில் போய்ச் சொல்லியிருந்தால், பழைய பைக்கை விற்கப்போய் கியூஆர் கோடை ஸ்கேன் செய்து கையிலிருந்ததையும் விட்ட அப்பாக்கள் சிலராவது தப்பியிருப்பார்கள். ஆனால் இரண்டு மதிப்பெண்ணுக்குக்கூட வராத வரிக்கு எதற்கு வீண் சிரமம்?

இணையப் பாதுகாப்புக்கு ஆண்டுக்கு ஒரு நாள் போதும். சிறப்பு விருந்தினர், பொன்னாடை, மைக். வெயில் ஏறுவதற்குள் “செல்போனைத் தொடாதீர்கள்” என்பதைப் பதினைந்து விதமாகச் சொல்லி முடித்துவிடலாம். யாரும் தொடாமல் இல்லை என்பது விருந்தினருக்கும் தெரியும். பேச்சின் நடுவே அவர் இரண்டு முறை தன்னுடையதைப் பார்த்துக்கொள்வார். முன்பின் தெரியாதவர்களிடம் சொந்த விவரங்களைக் கொடுக்கக் கூடாது என்று உறுதிமொழி எடுக்கவைத்த கையோடு, பரிசு வாங்கிய மாணவிகளின் படங்களைப் பெயர், வகுப்பு, ஊர் சகிதம் பள்ளியின் முகநூல் பக்கத்தில் ஏற்றிவிடுங்கள்.

சில வாரம் கழித்து ஒரு பெண் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நிற்பாள். யாரோ அவள் படத்தை அசிங்கமாக மாற்றி, காசு கேட்டு மிரட்டுகிறான். இங்கேதான் நிதானம் தேவை. தனியாகக் கூட்டிப்போய் உட்காரவைத்துவிடாதீர்கள். எல்லார் முன்னாலும், “நீ எதுக்கு முதல்ல இன்ஸ்டாகிராம்ல இருக்க?” என்று ஆரம்பியுங்கள். போனைப் பிடுங்கி, வந்த செய்திகள் அத்தனையையும் உடனே அழிக்கச் சொல்லுங்கள். மிரட்டியவனின் கணக்குப் பெயர், எண், தேதி, நேரம் எதுவும் மிஞ்சக் கூடாது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தால் சைபர் கிரைம் போலீசுக்கு அது பயன்பட்டுவிடும். 1098, 1930 என்ற உதவி எண்கள் அச்சடித்த சுவரொட்டி பீரோவுக்குப் பின்னால் சுருட்டியபடி இருக்கும், அங்கேயே இருக்கட்டும். அப்பாவை வரவழைத்து, “பொண்ணக் கொஞ்சம் பாத்துக்குங்க” என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள். அவள் ஒரு வாரம் பள்ளிக்கு வரமாட்டாள்.

இதைப் பள்ளிக்கூடம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும். அதன் பிறகு அந்த வாசலுக்கு ஒருத்தியும் வரமாட்டாள். ஆண்டறிக்கையில் ‘இணையக் குற்றப் புகார்கள்’ என்ற கட்டத்தில் தைரியமாக ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போடலாம்.