படிப்புக்காக வாங்கிய ரேம்

எங்கள் குடும்பத்தில் ரேம் என்றைக்கும் விளையாட்டின் பேரில் வாங்கப்பட்டதில்லை, படிப்பின் பேரில்தான். 1994இல் நான் அப்பாவிடம் சொன்ன காரணம் ‘சி புரோகிராமிங்’. இப்போது அக்கா மகன் அவன் அம்மாவிடம் சொல்லும் காரணம் ‘மெஷின் லேர்னிங் ப்ராஜெக்ட்’. இரண்டையும் கேட்டுக்கொண்ட முகங்களில் ஒரே பயபக்தி. புரியாத படிப்புக்கு நம் வீடுகளில் கிடைக்கிற மரியாதை புரிந்த படிப்புக்குக் கிடைக்காது. நான் தமிழ் எம்.ஏ. சேர்கிறேன் என்று சொல்லியிருந்தால் ஒரு டேபிள் ஃபேன்கூடத் தேறியிருக்காது.

அன்றைய கேள்வி, இரண்டு எம்பியா நாலு எம்பியா என்பது. சிந்தாதிரிப்பேட்டை ரிச்சி தெருவில் எழுதிக் கொடுத்த கொட்டேஷனில் இருந்தது இரண்டு. 1993 டிசம்பரில் வெளிவந்திருந்த ‘டூம்’ விளையாட்டு கேட்டது நாலு. அதற்குக் குறைந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். ஆக, சி மொழியைக் கற்க நாலு எம்பி இன்றியமையாதது என்று அப்பாவுக்கு விளங்கவைத்தேன். அந்த மொழி பிறந்தபோது அதை ஓட்டிய இயந்திரங்களுக்கு எவ்வளவு நினைவகம் இருந்தது என்பதை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அமெரிக்காவிலேயே ஒரு எம்பி முப்பது டாலருக்கு மேல் விற்ற காலம். டாலர் 31 ரூபாய் சொச்சம். அதன் தலையில் இறக்குமதி வரி வேறு. போதாக்குறைக்கு அந்த 30 பின் துண்டுகளை நாலு நாலாகத்தான் செருக வேண்டும், ஒன்றை மட்டும் வாங்கி ஒப்பேற்ற வழியில்லை. விலையைக் கேட்டு அப்பா நிமிர்ந்து பார்த்ததும் கடைக்காரர் காரணம் சொன்னார்.

“ஜப்பான்ல ஃபேக்டரி வெடிச்சிடுச்சு சார். அதான் ரேட் எறங்கவே மாட்டேங்குது.”

கொத்தவால் சாவடியில் லாரி ஸ்டிரைக், மழை, ரயில் லேட் என்று எல்லாக் காரணங்களையும் கேட்டுப் பழகியவர் அப்பா. மவுண்ட் ரோடுக்கு வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது சொன்னார்: “சிந்தாதிரிப்பேட்டைல வெலை ஏறணும்னா ஜப்பான்ல வெடிக்கணுமாடா? நல்லா வளந்திருக்கான் வியாபாரி.” ஆனால் கடைக்காரர் சொன்னது சத்தியம். 1993 ஜூலையில் நீஹாமா என்ற ஊரில் சுமிதோமோ கெமிக்கல் ஆலை வெடித்தது. சிப்புகளுக்கு மேல் கறுப்பாக ஒரு உறை இருக்கிறதே, அதற்கான எபாக்ஸி பிசினில் உலகத் தேவையின் பெரும்பங்கு அந்த ஒரே ஆலையிலிருந்து போய்க்கொண்டிருந்தது. தட்டுப்பாடு வருவதற்கு முன்னால் பயம் வந்துவிட்டது, ரேம் விலை எகிறிவிட்டது. நாலு எம்பிக்குப் பணம் எண்ணிக் கொடுக்கும்போது அப்பா கடைசிவரை கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “இதுக்கு மேல கேக்காதில்ல?”

பணம் கொடுத்து வாங்கிய நாலு எம்பியில் டாஸ் புரோகிராம்கள் நேராக எடுத்துக்கொள்ளக்கூடியது 640 கேபிதான். 1981இல் ஐபிஎம் தன் பிசிக்குப் போட்ட 8088 சிப்பால் ஒரு எம்பிக்கு மேல் பார்க்க முடியாது. அதிலும் மேல் பங்கு 384 கேபியைத் திரைக்கும் ராமுக்கும்—இது படிக்க மட்டுமேயான ‘ராம்’, நம் ரேம் அல்ல—என்று ஒதுக்கிவிட்டார்கள். பதின்மூன்று வருடம் கழித்தும் அந்தப் பாகப் பிரிவினை செல்லுபடியாகிக்கொண்டிருந்தது. டூம் கெட்டிக்காரன், தனக்கென்று ஒரு வழி வைத்துக்கொண்டு மிச்ச எம்பிக்கும் போய்விடுவான். மற்ற பல விளையாட்டுகள் அப்படியில்லை. மவுஸ் டிரைவர் கொஞ்சம், சவுண்ட் கார்டு டிரைவர் கொஞ்சம், சிடி டிரைவர் கொஞ்சம் என்று 640இல் ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக்கொள்ள, ‘நினைவகம் போதவில்லை’ என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லும். மூன்று எம்பி பக்கத்திலேயே சும்மா கிடக்கும்.

அங்கேதான் நான் உண்மையிலேயே படித்தேன். கான்ஃபிக் டாட் சிஸ் கோப்பில் எந்த வரி முன்னால், எந்த வரி பின்னால். ஹைமெம் எதற்கு, ஈஎம்எம்386 எதற்கு. டாஸையே தூக்கி மேலே போடுவது எப்படி. டாஸ் 6இல் வந்த மெம்மேக்கர் தானாகக் கணக்குப் போட்டு மிச்சம் பிடித்துத் தரும். அதைவிட இரண்டு கேபி அதிகமாகப் பிடிப்பவன் நண்பர்கள் வட்டத்தில் பெரிய ஆள். ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனி பூட் ஃப்ளாப்பி. சத்தம் வேண்டுமா மவுஸ் வேண்டுமா என்று முடிவெடுத்த பிறகே கம்ப்யூட்டரைப் போட வேண்டும். அப்பா எட்டிப் பார்க்கும்போதெல்லாம் கறுப்புத் திரையில் ஆங்கில வரிகள். பையன் படிக்கிறான்.

1995இல் அமெரிக்காவில் ‘சாஃப்ட்ரேம் 95’ என்று ஒன்று வந்து, ரேமை இரட்டிப்பாக்குகிறேன் என்று லட்சக்கணக்கில் விற்றது. பிரித்துப் பார்த்தால் அப்படி எதையும் அது செய்யவில்லை. இரட்டிப்பானதாகத் திரையில் காட்டியது, அவ்வளவுதான். அந்த நாட்டு வர்த்தக ஆணையமே தலையிட வேண்டியதாயிற்று. என்னைக் கேட்டால் அதன் ஆசிரியர்கள் காலத்துக்கு முன்னால் பிறந்தவர்கள். இன்றைக்கு ஸ்டார்ட்அப் என்று மதிப்போடு இருந்திருப்பார்கள்.

அப்புறம் வந்த வருடங்களில் சொல்ல அதிகமில்லை. ‘வைஸ் சிட்டி’ 128 எம்பி கேட்டது, ‘சான் ஆண்ட்ரியாஸ்’ 256 கேட்டது. பிரவுசிங் சென்டர்காரர்கள் வாங்கிப் போட்டார்கள், பையன்கள் மணிக்கணக்கில் காசு கட்டினார்கள். எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது.

இப்போது அக்கா மகனின் கேள்வி: பதினாறு ஜிபியா முப்பத்திரண்டா? அப்பாவோடு சண்டை போட்டு வாங்கிய நாலு எம்பியைப் போல 4096 மடங்கு அந்தச் சின்ன எண். அவனிடம் அதைச் சொன்னேன். “அப்ப பதினாறுதான் மாமா மினிமம்” என்றான். ‘எல்டன் ரிங்’ குறைந்தபட்சம் 12 கேட்கிறது, பரிந்துரை 16. ‘ஹாக்வார்ட்ஸ் லெகஸி’ உச்ச அமைப்புக்கு 32 என்கிறது. ஜிடிஏ 6 வரப்போகிறதாம், அதற்கும் இடம் வேண்டுமாம். அதைப் பிளேஸ்டேஷனுக்கும் எக்ஸ்பாக்ஸுக்கும்தானே அறிவித்திருக்கிறார்கள் என்றேன். “தயாரா இருக்கணும்ல” என்றான். அவன் தினமும் ராத்திரி ஆடுவது வாலரன்ட். அதன் தேவை நாலு ஜிபி.

நியாயமாகப் பார்த்தால் அவன் கேட்க வேண்டிய கேள்வி அதுவே அல்ல. அவன் பார்த்துவைத்திருந்த லேப்டாப்பில் கிராஃபிக்ஸ் கார்டு ஆர்டிஎக்ஸ் 4060. அதற்கென்று தனியாக எட்டு ஜிபி, போர்டோடு பற்றவைத்தது. படம் எவ்வளவு நுணுக்கமாக விரியும் என்பதை முக்கால்வாசி தீர்மானிப்பது அந்த எட்டு. அதை எந்தக் காலத்திலும் கூட்ட முடியாது. சாதா ரேமைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம், ஸ்லாட் இருந்தால். மெலிதாக, அழகாக இருக்கிற மாடல்களில் அதையும் பற்றவைத்துவிடுகிறார்கள். இன்னொன்று: பதினாறு என்று எழுதியிருந்தாலும் ஒரே துண்டாகப் போட்டிருக்கிறார்களா, எட்டும் எட்டுமாக இரண்டா என்று பார்க்க வேண்டும். கல்யாண மண்டபம் எவ்வளவு பெரிதாக இருந்தென்ன, பந்திக்கு ஒற்றைக் கதவை மட்டும் திறந்துவைத்தால்? இதையெல்லாம் மாமா முறைக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அதெல்லாம் ஓகே மாமா, அம்மாகிட்ட முப்பத்திரண்டுன்னு சொல்லிடுங்க” என்றான்.

கடையில் விலையைக் கேட்டு அக்கா நிமிர்ந்து பார்த்தாள். கவுன்டரில் இருந்த பையன் காரணம் சொன்னான்.

“ஏஐ கம்பெனிங்க எல்லா ரேமையும் அள்ளிட்டுப் போயிட்டாங்க மேடம். அதான் இந்த ரேட்.”

அக்கா என்னைப் பார்த்தாள், அப்பாவின் மகள். இந்த முறை நான் கடைக்காரர் கட்சி. டேட்டா சென்டர்களுக்கான நினைவகத்தில்தான் இப்போது லாபம்; ஆலைகள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டன. குருஷியல் என்ற பெயரில் நம்மைப் போன்றவர்களுக்கு ரேம் விற்றுவந்த மைக்ரான், அந்த வியாபாரத்தையே விடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது. அப்புறம் பார்த்துக் கூட்டிக்கொள்ளலாம் என்ற என் ஆலோசனை அங்கேயே செத்தது. மகன் ஏஐ படிக்கத்தான் இந்த ரேமே, அதை ஏஐயே வாங்கித் தீர்த்துவிட்டது என்றால் அவன் படித்து என்ன ஆகப்போகிறது என்று அக்கா கேட்டாள். நல்ல கேள்வி. பையன்கள் இருவரும் இஎம்ஐ பாரத்தை எடுக்கப் போய்விட்டார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை போயிருந்தபோது டாஸ்க் மேனேஜரைத் திறந்து எனக்குக் காட்டினான். விண்டோஸ், குரோம், டிஸ்கார்ட், வாலரன்ட் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. “பாருங்க மாமா, இவ்ளோ ஓடியும் இருபது ஜிபி சும்மாவே கெடக்கு!” குரலில் அவ்வளவு பெருமை.

“அந்த இருபதை ஏஐ கம்பெனிக்கு வாடகைக்கு விட்டுடுடா, இஎம்ஐக்கு ஆகும்” என்றேன்.