கூன் விழுந்த 4ஜி

துப்பாக்கியோடு எனக்கு இருந்த மொத்த அனுபவம் மெரினாவில் பலூன் சுட்டதுதான். குழல் ஒரு பக்கம் லேசாகக் கோணியிருக்கும். அது கடைக்காரருக்குத் தெரியும், பலூன்களுக்கும் தெரியும், சுடுகிறவனுக்கு மட்டும் தெரியாது. ஐந்து குண்டில் எனக்கு ஒரு பலூன் வெடித்தது. நான் குறிவைத்தது அதற்குப் பக்கத்துப் பலூன் என்பதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

இந்தத் தகுதியோடுதான் டெக்சஸில் ஒரு வேட்டைக்காரரிடம் மாட்டினேன். ஆபீசில் அடுத்த மேசைக்காரர். அறுபது வயது, ஊருக்கு வெளியே நிலம் நீச்சு உண்டு என்பதால் தமிழ்க் கூட்டம் அவருக்கு ‘மிராசுதார்’ என்று பெயர் வைத்திருந்தது. அவருடைய சூரியகாந்தி வயலுக்கு வருஷா வருஷம் செப்டம்பர் 1 அன்று புறா வேட்டைக்குக் கூட்டம் சேரும். அன்றுதான் அங்கே புறா சீசன் திறக்கிறது. நமக்குத் தை ஒன்று எப்படியோ, அவர்களுக்கு அது. “இந்த வருஷம் நீயும் வா” என்றார். சரி என்று தலையாட்டிவிட்டேன். ஆபீசில் யார் எதைச் சொன்னாலும் தலையாட்டி ஆட்டி எனக்குப் பழகிவிட்டது.

நான் எச்-1பி விசாக்காரன். பச்சை அட்டை வரிசையில் நின்று நின்று தலை நரைத்த கூட்டத்தில் ஒருவன். இந்த விசாவில் இருப்பவன் துப்பாக்கி வைத்திருக்கவே கூடாது என்கிறது அமெரிக்கச் சட்டம். அப்பாடா, தப்பித்தோம் என்று நினைத்தபோது மிராசுதார் அடுத்த வரியைக் காட்டினார்: வேட்டை லைசென்ஸ் இருந்தால் வைத்துக்கொள்ளலாம். அதாவது, ‘நீ அந்நியன், உன்னை நம்ப முடியாது, என்னது, பறவை சுடவா வந்தாய்? அதை முதலிலேயே சொல்லக் கூடாதா, உள்ளே வா’ என்கிறது சட்டம். நம் ஊரில் 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்று வாய் திறந்தாலே கம்பி எண்ண வேண்டும்.

லைசென்ஸ் வாங்குவதற்கு முன் பாடம் படிக்க வேண்டும். 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த எல்லோருக்கும் டெக்சஸில் வேட்டைக் கல்வி கட்டாயம். அதற்கு முதல் நாள் பிறந்தவர்களுக்கு ஞானம் பிறவியிலேயே வந்துவிடுகிறது போலிருக்கிறது. நான் 1978. ஆன்லைனில் உட்கார்ந்து படித்துப் பாஸ் செய்தேன். பிறகு லைசென்ஸுக்கு 25 டாலர், வலசைப் பறவைகளுக்கான அனுமதிக்குத் தனியாக 7 டாலர். லைசென்ஸ் ஒவ்வோர் ஆகஸ்ட் 31-ஆம் தேதியும் காலாவதியாகும். புதுப்பிக்க மறந்தால் செப்டம்பர் முதல் தேதி காலையில் அலமாரியில் சும்மா சாய்ந்திருக்கும் துப்பாக்கியே என்னைக் குற்றவாளியாக்கிவிடும்.

இனி துப்பாக்கி. புதிது வாங்கும் எண்ணமே எனக்கு இல்லை. நான் செகண்ட் ஹேண்ட் வம்சம். எங்கள் வீட்டு சேடக் ஸ்கூட்டர் மூன்று கை மாறி வந்தது. அதற்கு முன் தாத்தா காலத்தில் மாடு வாங்கியதும் பல்லைப் பிடித்துப் பார்த்துத்தான். பழசு வாங்குவதில் ஒரு ராகம் உண்டு: பிடிக்காத மாதிரி பார்க்க வேண்டும், போகிற மாதிரி திரும்ப வேண்டும், யாரோ கூப்பிட்ட மாதிரி நிற்க வேண்டும்.

“செமி ஆட்டோமேட்டிக்கா பாரு, தோள் தாங்கும்” என்றிருந்தார் மிராசுதார். விசையை ஒரு முறை இழுத்தால் ஒரு வெடி. அடுத்த தோட்டா தானாக ஏறிக்கொள்ளும். அந்த வேலைக்கே உதையில் ஒரு பங்கு செலவாகிவிடுவதால் தோளுக்கு வருவது குறைவு என்பது கணக்கு. புகையின் அழுத்தத்தில் ஓடுகிறவை உண்டு, உதையிலேயே ஓடுகிறவை உண்டு. நெடுஞ்சாலை ஓரத்து அடகுக் கடை ஒன்றில் பத்துப் பதினைந்து சாத்தி வைத்திருந்தார்கள். அதில் ஒன்றுக்கு மட்டும் முதுகில் கூன். பின்பக்கம் சதுரமாக எழும்பி, சட்டென்று செங்குத்தாக இறங்கும். மற்றவை எல்லாம் ஒய்யாரமாக நிற்க, இது மட்டும் பஸ் ஸ்டாண்டில் பெட்டியைத் தோளில் தூக்கியவர் மாதிரி நின்றது. பிரௌனிங் ஆட்டோ-5. எனக்குப் பார்த்த உடனே பிடித்துவிட்டது. அதை முகத்தில் காட்டாமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

இதைச் செய்த ஜான் பிரௌனிங்கின் கதையைக் கடைக்காரர் சொன்னார்; விலையை ஏற்றத்தான் சொன்னார் என்றாலும் கதை உண்மை. யூட்டா மாநிலத்து ஆக்டன் ஊர்க்காரர். அப்பாவும் துப்பாக்கி செய்கிறவர். 1900-இல் இதற்குக் காப்புரிமை வாங்கி, வழக்கமாகத் தன் வடிவங்களை வாங்கும் வின்செஸ்டர் கம்பெனிக்குக் கொண்டுபோனார். அதுவரை மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொண்டிருந்தவர், இந்த முறை விற்கும் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் பங்கு கேட்டார். முடியாது என்றுவிட்டார்கள். 1902 ஜனவரியில் ரெமிங்டன் கம்பெனித் தலைவர் மார்செல்லஸ் ஹார்ட்லியைப் பார்க்கப் போய் வெளி அறையில் காத்திருந்தார். உள்ளேயிருந்து வந்த செய்தி: தலைவர் மாரடைப்பில் காலமாகிவிட்டார். நாமாக இருந்தால் சகுனம் சரியில்லை என்று வீட்டுக்கு வந்து பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு, காப்புரிமைக் காகிதத்தைப் பரணில் போட்டிருப்போம். அந்த மனுஷர் கப்பல் ஏறி பெல்ஜியம் போனார். லியேஜ் பக்கத்து எஃப்.என். தொழிற்சாலை வாங்கிக்கொண்டது. 1970களின் நடுவில் வேலை ஜப்பானுக்கு மாறி, 1998 வரை இந்தக் கூனன் பிறந்துகொண்டே இருந்தான். பிரௌனிங் 1926-இல் இறந்ததும் அதே பெல்ஜியத் தொழிற்சாலையில்தான், வேலை நேரத்தில்.

கதை கேட்டுக்கொண்டே நான் பல்லைப் பிடித்துப் பார்த்தேன். முன்கைக் கட்டையில் விரிசல் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இந்த ரகத்தில் முதலில் பிளப்பது அதுதான். இல்லை. குழலுக்குள் டார்ச் அடித்தேன், கண்ணாடி. அடுத்து உப்பு. 1960களின் பிற்பகுதியில் வால்நட் மரத்தைச் சீக்கிரம் உலர்த்த உப்பைப் போட்டார்கள். அந்த உப்பு ஈரத்தை இழுத்து, உள்ளே தொட்ட இரும்பையெல்லாம் அரித்தது. அந்தக் காலத்து பிரௌனிங் சிலவற்றில் இந்தக் கருவாட்டு வாசனை உண்டு. கட்டையின் அடித் தகட்டுத் திருகைக் கழற்றிக் காட்டச் சொன்னேன். துருவே இல்லை. கடைக்காரர் என்னை முதல்முறையாக மரியாதையோடு பார்த்தார். இதெல்லாம் முந்தின இரவு படித்தது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

வரிசை எண்ணைப் பார்த்தபோதுதான் சிரிப்பு வந்தது. ‘4ஜி’ என்று தொடங்கியது. 4 என்றால் 1964, ஜி என்றால் எடை குறைந்த பன்னிரண்டு கேஜ் ரகம். நம் ஊரில் 4ஜி வருவதற்கு எத்தனையோ வருஷம் முன்னாலேயே இவனுக்கு வந்துவிட்டது. பன்னிரண்டு கேஜ் என்பதும் பழைய கணக்கு: ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டையாகப் பிடித்தால் ஓர் உருண்டை எவ்வளவு பெரிசோ அவ்வளவு பெரிய குழல். லட்டுக் கணக்கு. குழலில் ஒற்றை நட்சத்திரம் குத்தியிருந்தது. ஓட்டல் நினைப்பில் மட்டமான சரக்கு என்று உதட்டைப் பிதுக்கினேன். ஒற்றை நட்சத்திரம் என்றால் குழலின் வாய் ரொம்பக் குறுகல், ரவை பரவாமல் நெருக்கமாகப் போகும் என்று அர்த்தமாம். நட்சத்திரம் கூடக் கூட வாய் அகலும். (ரவை என்றதும் என் மனைவிக்கு உப்புமா ஞாபகம் வந்தது. தோட்டாவுக்குள் இருக்கும் சின்ன ஈயக் குண்டுகளைச் சொல்கிறேன்.)

750 சொன்னார். திரும்பினேன், நின்றேன். 640-இல் முடிந்தது.

பிறகு மத்திய அரசின் 4473-ஆம் படிவம். நீ தலைமறைவுக் குற்றவாளியா என்று அதில் நேராகவே கேட்கிறார்கள். பெயர்ப் பகுதியில்தான் நான் உருகிவிட்டேன். பெயரில் வெறும் இனிஷியல்தான் என்றால் பக்கத்தில் ‘ஐஓ’ என்று எழுது, நடுப்பெயர் இல்லையென்றால் ‘என்எம்என்’ என்று எழுது என்று போட்டிருக்கிறது. இந்த நாட்டில் தமிழனின் இனிஷியலுக்கு மதிப்புக் கொடுத்த ஒரே காகிதம் துப்பாக்கிப் படிவம்தான். எனக்கு இரண்டாவது பொருந்தியது. பாஸ்போர்ட் ஆபீஸ் என் இனிஷியலை எப்போதோ விரித்து, அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயராக்கிவிட்டிருந்தது. அப்பா பெயர் ராமலிங்கம். விருத்தாசலத்தில் இருக்கிறார். வடலூர் பக்கத்தில்தான் என்பதால் தாத்தா வள்ளலார் நினைவாக வைத்த பெயர். கொசுவைக்கூடக் கையால் ஒதுக்கிவிடுகிற மனுஷர்.

கடைக்காரர் போனில் பின்னணிச் சோதனைக்கு அந்தப் பெயரைத்தான் எழுத்துக்கூட்டிச் சொன்னார். தாமதம் என்று பதில் வந்தது. மூன்று வேலை நாள் பொறுக்க வேண்டும். ஜீவகாருண்யப் பெயரில் ஒருவன் துப்பாக்கி கேட்டால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? மூன்றாம் நாள் கடையில் கூட்டத்துக்கு நடுவே கூப்பிட்டார்கள்: “மிஸ்டர் ராமலிங்கம், உங்க துப்பாக்கி ரெடி!”

வீட்டில் சுத்தம் செய்யப் பிரித்தேன். சுட்டதும் இதன் குழலே பூட்டோடு சேர்ந்து பின்னால் வந்து திரும்பிப் போகும். அதற்காக உள்ளே ஒரு பெரிய ஸ்பிரிங். முன்மூடியைக் கழற்றும்போது குழலை அழுத்திப் பிடிக்க வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது. குழல் துள்ளி, சாமி அலமாரியில் முருகர் படத்தைத் திருப்பிவிட்டது. மறுபடி மாட்டியபோது எஃகு வளையம் ஒன்று மிச்சம். ஸ்கூட்டர் மெக்கானிக் கையில் எப்போதும் ஒரு நட்டு மிஞ்சுமே, அந்த மாதிரி. விசாரித்தேன். லேசான தோட்டாவுக்கு வளையம் ஸ்பிரிங்குக்கு அடியில், கனமான தோட்டாவுக்கு ஸ்பிரிங்குக்கு மேலே. அடியில் போட்டேன்.

இன்னொரு குறை. வலசைப் பறவை வேட்டையில் துப்பாக்கி மூன்று தோட்டாவுக்கு மேல் கொள்ளக் கூடாது: குழலில் ஒன்று, கிடங்கில் இரண்டு. மிச்ச இடத்தை அடைக்க உள்ளே ஒரு கட்டை இருக்க வேண்டும். பழைய துப்பாக்கியில் அது எப்போதோ தொலைந்திருந்தது. உருண்டையாக, வழவழப்பாக, விரல் கனத்தில் ஒரு கட்டை வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாலை. கடை மூடியாகிவிட்டது. சமையலறையில் என் மனைவி கும்பகோணத்திலிருந்து கொண்டுவந்த மத்து தொங்கிக்கொண்டிருந்தது.

அளவெடுத்து அறுத்தேன். அச்சாகப் பொருந்தியது.

ஜூலையில் மண்தட்டு சுடப் போனேன். ‘புல்’ என்று கத்தினால் ஆரஞ்சு வட்டு ஒன்று பறக்கும், ஆட்டத்துக்கு இருபத்தைந்து. லேசான தோட்டா, தோள் சுகம், நான்கு வட்டு உடைந்தது. நான்கும் நான் குறிவைத்தவை.

செப்டம்பர் 1. பொழுது விடியும் முன் சூரியகாந்தி ஓரம் உட்கார்ந்தோம். வேட்டை என்றால் பெரிசாக இருக்கட்டும் என்று கனமான தோட்டா இரண்டு பெட்டி வாங்கியிருந்தேன். புறா மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும் என்பதைப் பாடத்தில் படித்திருந்தேன். நேரில் பார்த்தபோது பாடம் அடக்கி வாசித்தது தெரிந்தது. நான் சுட்ட இடத்தில் புறா எப்போதும் சற்று முன்னால்தான் இருந்திருக்கிறது. ஆனால் துப்பாக்கி மட்டும் ஒவ்வொரு முறையும் என்னைச் சரியாகக் குறிபார்த்து உதைத்தது.

வனவிலங்கு அதிகாரி வந்தார். லைசென்ஸ் பார்த்தார். தோட்டாக்களை ஒவ்வொன்றாகக் கிடங்குக்குள் தள்ளினார். இரண்டு போயிற்று, மூன்றாவது போகவில்லை. கும்பகோணம் தாங்கி நின்றது. தலையசைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஆளுக்கு ஒரு நாளைக்குப் பதினைந்து புறா உச்சவரம்பு. மிராசுதார் ஒன்பது மணிக்குப் பதினைந்தை முடித்துவிட்டு என்னைப் பார்க்க வந்தார். நான் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

“வளையத்தை மேலே மாத்தினியா?”

“எந்த வளையம்?” என்று கேட்டு முடிப்பதற்குள் எனக்கே ஞாபகம் வந்துவிட்டது.

வீட்டில் சட்டையைக் கழற்றியதும் மனைவி பார்த்தாள். தோள்பட்டை கத்திரிக்காய் நிறத்தில் இருந்தது. எத்தனை புறா என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். விளக்கெண்ணெயைச் சூடு பண்ணிக்கொண்டே சொன்னாள்: “எங்க ஊர்ல சிபிச் சக்கரவர்த்தி புறாவுக்காகத் தொடையை அறுத்துக் குடுத்தார். நீங்க தோளைக் குடுத்துட்டு வந்திருக்கீங்க. வம்சத்துல சேர்த்துக்கலாம். அது சரி, மத்து எங்கங்க?”

பதில் சொல்வதற்குள் நல்லவேளையாகப் போன் அடித்தது. அப்பா. இரவு தூங்குவதற்கு முன் பேத்தியைப் பார்க்க வீடியோவில் வருவார். பேத்தி பள்ளிக்கூடத்தில் இருந்தாள். நான் முகத்தை மட்டும் காட்டினேன். காலையில் மொட்டை மாடியில் எடுத்த படம் ஒன்று அனுப்பியிருக்கிறேன், பார்த்தாயா என்று கேட்டார். திறந்தேன். கைப்பிடிச் சுவர் ஓரம் கம்பு இறைத்திருக்க, வரிசையாகப் புறாக்கள்.

“எண்ணிப் பாருப்பா” என்றார். “தினம் ஏழெட்டுதான் வரும். இன்னைக்குப் பதினஞ்சு.”

பின்னால் விளக்கெண்ணெய்க் கிண்ணத்தோடு நின்றவள் சிரிப்பை அடக்க முடியாமல் சமையலறைப் பக்கம் போனாள். அங்கே மத்தின் தலை மட்டும் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.